காது சொன்னதும் கருவி சொன்னதும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு. விடுதியில் விளக்கணைத்த பின்னும் நான் உறங்கவில்லை. காதுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வீணைக் கச்சேரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். காம்போதி இராக ஆலாபனை. பாட்டும் ஒன்றே, கணிப்பொறியும் ஒன்றே, ஹெட்போனும் ஒன்றே. மாறியது ஒன்றே ஒன்றுதான். பாட்டை ஒலிக்கச் செய்யும் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். பழையது இலவசமாகக் கிடைத்தது. புதியதை இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து அன்றுதான் வாங்கியிருந்தேன். விடுதி உணவுக் கட்டணத்துக்கென்று அப்பா அனுப்பிய பணம் அது என்பதை ஆண்டு மலரில் எழுதும் அளவுக்கு இப்பொழுது துணிவு வந்துவிட்டது. அப்பொழுது வரவில்லை.

புதிய மென்பொருளில் வீணை வேறு வீணையாகக் கேட்டது. தந்தியின் மேல் விரல் வழுக்கும் மெல்லிய ஓசை, தாளத் தந்திகளின் நீண்ட ரீங்காரம், மிருதங்கத்தின் இடந்தலையில் ஓர் ஆழம், எல்லாம் புதிதாய்த் தோன்றின. அறை நண்பர்கள் இருவரையும் எழுப்பிக் கேட்கச் சொன்னேன். "ஆமாம், தெளிவாகத்தான் இருக்கிறது" என்று இருவரும் சொன்னார்கள். மீண்டும் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்னார்களோ என்னும் ஐயம் எனக்குப் பிற்பாடுதான் வந்தது.

மறுநாள் ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். தொல்லை அங்கேதான் தொடங்கியது. சித்தப்பா ஒலிபெருக்கி நிலையம் வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எங்கள் வட்டாரத்தில் எது நடந்தாலும் அவருடைய பெட்டிகள்தாம் முழங்கும். "பிசிக்ஸ் படிக்கிற பிள்ளை நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த சாஃப்ட்வேரு, அதோட சேர்ந்த பெட்டி எல்லாம் என்ன விலைன்னு கேட்டுச் சொல்லு. சித்தி சங்கிலிய சங்கத்துல வச்சு வாங்கிப்புடுவோம்" என்றார். மென்பொருளோடு சேர்த்து விற்கப்படும் பெட்டியின் விலை நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. என் காது சொன்ன ஒரு சொல்லை நம்பிச் சித்தியின் கழுத்துச் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகப் போகிறது!

மனத்தில் சிறு கலக்கத்தோடு எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திரையைப் பார்க்காமல் கேட்டாயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் கேட்கவில்லை. "அப்படியானால், அப்பா, உன் காது என்ன சொன்னது என்று உனக்கு இன்னும் தெரியாது. உன் கண் என்ன சொன்னது என்றுதான் தெரியும்" என்றார். இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின் நான் கடந்த மூன்று மாதங்களைப் பற்றியது.

நடந்த சோதனைகளைச் சொல்லும் முன், மென்பொருள் என்னதான் செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கலைப்பிரிவு நண்பர்கள் இந்தப் பகுதியைக் கண்டு அஞ்ச வேண்டா. கூட்டலும் கழித்தலும் போதும்.

குறுந்தகட்டில் இசை கிடையாது, எண்கள்தாம் இருக்கின்றன. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது வகுத்த முறைப்படி, ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஏதேனும் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இப்படி இடப்புறத்துக்கு ஒரு வரிசை, வலப்புறத்துக்கு ஒரு வரிசை. நொடிக்கு 14,11,200 பிட் என்னும் கணக்கு இதிலிருந்து வருகிறது. இடையிடையே அளந்தால் நடுவில் உள்ளது போய்விடாதா என்று நம்மில் பலரும் கேட்போம். போகாது. ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் வேகமாக அளந்துவிட்டால், அலை முழுவதையும் அந்த எண்களிலிருந்து மீட்டுவிடலாம். நைக்விஸ்ட் 1928-இல் அடித்தளமிட்டதும் ஷானன் 1949-இல் தெளிவாக நிறுவியதும் இதைத்தான். 44,100-இல் பாதி 22,050. மனிதச் செவி கேட்கும் எல்லை இளமையில் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். விளம்பரத் தாள்களில் ஒலியலையைப் படிக்கட்டுப் போல வரைந்து காட்டுகிறார்களே, அந்தப் படிக்கட்டு காகிதத்தில்தான் உண்டு. எண்களை மின்னழுத்தமாக மாற்றும் பகுதியில் உள்ள வடிப்பான் அதை வழுவழுப்பான அலையாக்கிய பின்னரே வெளியே விடுகிறது.

மென்பொருளின் பணி எளியது. கோப்பைத் திறக்கிறது. சுருக்கிக் கட்டியிருந்தால் விரிக்கிறது. 2001-இல் வந்த ஃப்ளாக் போன்ற முறைகளில் விரித்தால் பழைய எண்கள் ஒன்றும் பிசகாமல் அப்படியே திரும்பக் கிடைக்கும். அந்த எண்களைக் கணிப்பொறியின் இயக்க முறைமையிடம் ஒப்படைக்கிறது. அது ஒலிப்பெட்டியின் சேமிப்பிடத்தில் கொண்டுபோய் அடுக்குகிறது. எண்ணை எந்தக் கணத்தில் மின்னழுத்தமாக மாற்ற வேண்டும் என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை. நல்ல ஒலிப்பெட்டிகளில் உள்ளே இருக்கும் படிகக் கடிகாரம் முடிவு செய்கிறது. மென்பொருள் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ எண்களைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அடுக்கு வெறுமையாகாத வரையில் கடிகாரத்துக்கு அது தெரியவே தெரியாது. தபால்காரர் மாறினால் கடிதத்தின் எழுத்து மாறுமா? அவர் நடந்து வந்தாலும் மிதிவண்டியில் வந்தாலும் எழுத்து ஒன்றுதானே?

ஆனால் தபால்காரர் வழியில் கடிதத்தைப் பிரித்துத் திருத்தினால் மாறும். அங்கேதான் உண்மையான செய்தி இருக்கிறது. மென்பொருள் ஒலியை மாற்றவே மாற்றாது என்று ஒரே போடாகப் போடுகிறவர்களும் தவறு செய்கிறார்கள். முதலாவது, ஒலியளவு. பாட்டுக்குப் பாட்டு உரப்பு ஏறி இறங்காதிருக்க, 2001-இல் முன்மொழியப்பட்ட ரீப்ளேகெயின் என்னும் முறையைப் பல மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. அது எண்களைப் பெருக்கியோ வகுத்தோ மாற்றுகிறது. அடுத்து, பாஸ், டிரெபிள் சமன்படுத்திகள். வாங்கிய அன்றே சில மென்பொருள்களில் இவை சற்றே ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். இனி, இயக்க முறைமையின் கலவைக்கூடம். 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், எல்லா மென்பொருள்களின் ஒலியும் ஒரே வேகத்துக்கு மாற்றப்பட்டுக் கலக்கப்பட்ட பிறகுதான் வெளியே போகும். குறுந்தகட்டின் 44,100, பல கணிப்பொறிகளில் 48,000 ஆக்கப்படுகிறது. வசாபி முறையில் தனியுரிமை கேட்கும் மென்பொருள் அந்தக் கலவைக்கூடத்தைத் தாண்டிச் செல்லும். இந்த வேகமாற்றக் கணக்கு முற்காலத்தில் சில இடங்களில் கரடுமுரடாகச் செய்யப்பட்டது. அளந்தால் தெரியும், சில வேளைகளில் காதுக்கும் தெரியும். இப்பொழுது பெரும்பாலும் நன்றாகவே செய்யப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. மலிவான கணிப்பொறிகளில் எலியை நகர்த்தினால் ஹெட்போனில் கரகரப்புக் கேட்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கணிப்பொறியின் உழைப்பு மின்வழங்கியின் வழியாக ஒலிப்பகுதிக்குள் கசிவதால் வருவது அது. அது கற்பனையன்று, அதை அளந்தும் காட்டலாம்.

ஆக, கேள்வி இப்படித் திருந்துகிறது: இரண்டு மென்பொருள்களும் ஒரே எண்களை அனுப்புகின்றனவா, இல்லையா? அனுப்பவில்லையென்றால் வேறுபாடு எவ்வளவு, அதைக் காது பிடிக்குமா? அனுப்புகின்றன என்றால், அன்றிரவு நான் கேட்டது என்ன?

நிற்க. முதல் சோதனையைச் சொல்கிறேன். பேராசிரியர் கூறியபடி நண்பன் ஒருவனைக் கணிப்பொறிக்கு முன் அமர்த்தி, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவன் நாணயத்தைச் சுண்டிப் பூ விழுந்தால் பழையதையும் தலை விழுந்தால் புதியதையும் ஒலிக்க வேண்டும். எது என்று நான் சொல்ல வேண்டும். பத்து முறை செய்தோம். பத்துக்குப் பத்து! குருட்டாம்போக்கில் சொல்லி இப்படி வருவதற்கு வாய்ப்பு 1,024-இல் ஒன்று. நான் எழுந்து ஆடாத குறை. அன்றே சித்தப்பாவைக் கூப்பிட்டு, "சித்தப்பா, சோதனையே செய்து பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை" என்று சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வருந்தி எழுதும் வரி இதுதான்.

பேராசிரியர் வியக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "இரண்டின் ஒலியளவும் சமமா?" என்றார். 400 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்றைக் கோப்பாக்கி இரண்டிலும் ஒலிக்கச் செய்து, ஒலிப்பெட்டியின் வெளியீட்டில் ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரை வைத்தோம். சாதாரண மல்டிமீட்டர்களை மாறுமின்னழுத்தத்தில் அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களுக்கு நம்பக்கூடாது என்பதால் 400. புதியதில் 1.00 வோல்ட். பழையதில் 0.89. கணக்குப் போட்டால் வேறுபாடு ஒரு டெசிபெல். பழைய மென்பொருளின் ஒலியளவுப் பட்டை முழு உயரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றிருந்தது; எப்பொழுதோ என் கைபட்டு நகர்ந்திருக்கிறது.

ஒரு டெசிபெல் என்பது உரப்பு என்று சொல்லத் தோன்றாத அளவு சிறியது. வேடிக்கை அதிலேதான் இருக்கிறது. பெரிய வேறுபாடாக இருந்தால், சத்தம் கூடியிருக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சிறிய வேறுபாட்டை மூளை சத்தம் என்று வகைப்படுத்துவதில்லை. தெளிவு, ஆழம், உயிரோட்டம் என்றெல்லாம் பெயர் வைத்துவிடுகிறது. காரணமும் உண்டு. ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகளின்படி, ஒலி தாழ்ந்திருக்கும்போது தாழ்ந்த சுருதிகளைக் காது மற்றவற்றைவிட மிகுதியாக இழக்கிறது. சற்றே உயர்த்தினால் அவை மற்றவற்றைவிட விரைந்து திரும்பி வருகின்றன. மிருதங்கத்தின் இடந்தலை எனக்கு ஆழமாகக் கேட்டதில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். கடைக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆகவே ஒப்பிடுமுன் இருபுறமும் 0.1 டெசிபெல்லுக்குள், அதாவது மின்னழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குள், சமன் செய்துகொள்வது இத்துறையில் வழக்கம்.

பட்டையை முழு உயரத்துக்கு ஏற்றிச் சமன் செய்துவிட்டு, இம்முறை பதினாறு தடவை செய்தோம். பன்னிரண்டு சரி. குருட்டாம்போக்கில் பன்னிரண்டோ அதற்கு மேலோ வர வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. என் நெஞ்சில் மறுபடியும் நம்பிக்கை துளிர்த்தது. அப்பொழுது, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுக்கூட உதவியாளர், "தம்பி, புதுசப் போடறப்ப மட்டும் டொக்கு டொக்குன்னு ரெண்டு சத்தம் வருதே" என்றார். புதிய மென்பொருளை முன்னே கொண்டுவர எலியை இரண்டு முறை அழுத்த வேண்டும். பழையதற்கு ஒருமுறை போதும். அந்த ஓசையைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. அதைக் கொண்டு பதில் சொல்கிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனாலும் என் காது கேட்டிருக்கிறது. என் வாய் பதில் சொல்லியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு குதிரையின் கதையைச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் கூட்டல் கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டிச் சரியான விடையில் நிறுத்தும். 1904-இல் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தார்கள். ஏமாற்று வேலை ஏதும் இல்லை என்றே குழு கண்டது. ஓஸ்டன் நேர்மையானவர், குதிரையும் நேர்மையானதுதான். பிறகு ஆஸ்கர் ஃப்ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907-இல் முடிவை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் மிக நுட்பமாக அசைந்தன. குதிரை அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. இதை அறிந்த பின்னும் ஃப்ஃபுங்ஸ்ட்டால் தம் அசைவை முழுவதும் அடக்க முடியவில்லையாம். அன்று முதல் எங்கள் விடுதியில் எனக்கு ஹான்ஸ் என்று பெயர். நண்பர்கள் விடுவார்களா?

சோதிப்பவருக்கும் விடை தெரியக்கூடாது என்னும் விதி இதனால்தான் வந்தது. ஒலித்துறையில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. முதல் ஒலி, இரண்டாம் ஒலி, மூன்றாவதாக மறைபொருளான ஓர் ஒலி. மறைபொருள் முதலாவதா இரண்டாவதா என்று சொல்ல வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் மன்சனும் கார்ட்னரும் 1950-இல் இதன் மூல வடிவத்தை விவரித்தார்கள். 1982-இல் கிளார்க் என்பவர் மின்னணு மாற்றியோடு கூடிய வடிவத்தை வெளியிட்டார். எத்தனைக்கு எத்தனை சரியாக இருந்தால் நம்பலாம் என்னும் கணக்கு இன்னும் பழையது. பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்வேன் என்ற ஓர் அம்மையாரை வைத்து, எட்டுக் கோப்பைகளைக் கொண்டு ஃபிஷர் அமைத்த சோதனை, அவருடைய 1935-ஆம் ஆண்டு நூலில் இருக்கிறது. நான்கு கோப்பை ஒரு வகை, நான்கு மறு வகை. எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில் சரியாகப் பிரிக்க வாய்ப்பு 70-இல் ஒன்று. புள்ளியியல் வகுப்பில் இதை வெறும் கணக்காகப் படித்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. சித்தியின் சங்கிலி எதிரே தொங்கும்போது வரவில்லை.

மூன்றாம் சோதனையில் நண்பன் அடுத்த அறையில் அமர்ந்தான். ஹெட்போன் கம்பி கதவடியில் வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் இரண்டு அழுத்தல், ஒரே கால இடைவெளி என்று ஒழுங்கு செய்துகொண்டோம். மீண்டும் பதினாறு முறை. நான் அவசரப்படவில்லை, மூன்று மாலைகளில் பிரித்துச் செய்தோம். களைப்பால் தோற்றேன் என்னும் சாக்கு எனக்கே வரக்கூடாதல்லவா? முடிவு: ஒன்பது சரி, ஏழு தவறு. நாணயத்தைச் சுண்டிப் பதில் சொன்னாலும் ஒன்பதோ அதற்கு மேலோ வர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு உண்டு.

தோல்வி ஒன்றை மெய்ப்பிப்பதாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதினாறு முறை கேட்ட ஒருவன் பிரித்தறியவில்லை என்பதால், யாராலும் எந்நாளும் பிரித்தறிய முடியாது என்றாகிவிடாது. மிகச் சிறிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மிகப் பல சோதனைகள் வேண்டும். உயர்தர ஒலிப்பதிவைக் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கினால் தெரிகிறதா என்று மேயர், மொரான் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 554 முறைகளில் 276 சரி. ஏறத்தாழ பாதிக்குப் பாதி. ஆனால் 2016-இல் ரீஸ் என்பவர் இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, 12,500-க்கும் மேற்பட்ட முறைகளைக் கணக்கிட்டபோது நூற்றுக்கு 52.3 சரியாக வந்தது. பயிற்சி பெற்ற காதுகள் இன்னும் சற்று நன்றாகச் செய்தன. பாதியைவிட மிகச் சிறிதே கூடுதல். எனினும் சுழி அன்று. அறிவியலின் பெயரால் வாயடைக்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

என் கேள்வியோ குறுந்தகட்டுத் தரம் போதுமா என்பதன்று. இரண்டு மென்பொருள்கள் வேறா என்பது. அதற்குக் காதைவிட உறுதியான வழி இருந்தது. சித்தப்பாவிடம் டிஜிட்டல் வெளியீடும் உள்ளீடும் கொண்ட சிறிய ஒலிப்பெட்டி ஒன்று உண்டு. அதை வாங்கி வந்து, வெளியீட்டை ஒரே கம்பியால் உள்ளீட்டிலேயே இணைத்தேன். மென்பொருள் அனுப்பும் எண்கள் அப்படியே திரும்பி வந்து பதிவாகும். வீணை ஆலாபனையில் மூன்று நிமிடப் பகுதியை இரண்டு மென்பொருள்களிலும் பதிவு செய்து, தொடக்கத்தைச் சரியாகப் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தேன். ஒலியளவு முழுமை, சமன்படுத்திகள் நிறுத்தம், இரண்டுக்கும் கலவைக்கூடத்தைத் தாண்டும் தனியுரிமை. மூன்று நிமிடத்துக்கு இருபுறமும் சேர்த்து 1,58,76,000 எண்கள். கழித்து வந்தவை அனைத்தும் சுழி. ஒரே ஒரு எண்கூட, ஒரே ஒரு படிகூட மாறவில்லை.

கருவிகளால் அளக்க முடியாத நுட்பங்கள் இசையில் உண்டு என்பார்கள். இதை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அதில் உண்மை இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் கருமையான சோற்றை எந்தக் கருவியும் இல்லாமல் காதை மட்டுமே கொண்டு நம் முன்னோர் இட்டுச் சரிசெய்தார்கள். சாதாரணத் தோற்கருவிகளின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசையாதவை. மிருதங்கத்தில் அவை இசைகின்றன என்பதைச் சர். சி. வி. இராமன் 1920-இல்தான் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். அங்கே காது முந்திக்கொண்டது. அளவு பின்னால் வந்தது. செவியின் ஆற்றலும் சாதாரணமானதன்று. கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியில் செவிப்பறை அசைவது ஓர் அணுவின் விட்டத்துக்கும் குறைவு. ஆனால் கழித்தல் சோதனையில் எந்த நுட்பத்தை அளப்பது என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. சுருதியா, தெளிவா, ஆழமா, பெயரே இல்லாத வேறொன்றா என்பதெல்லாம் அங்கே வேண்டா. எது இருந்தாலும் மீதியில் நிற்கும். மீதி சுழி என்றால், ஒலிப்பெட்டிக்குள் சென்றது ஒன்றே. அதற்குப் பின் எஞ்சக்கூடியது முன்பு சொன்ன மின்கசிவு மட்டுமே. இரண்டு மென்பொருள்களும் அமைதிக் கோப்பு ஒன்றை ஒலிக்கும்போது வெளியீட்டை அலைநோக்கியில் பார்த்தேன். திரையில் என் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு எதுவும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1993-இல் வெளியான தரத்தின்படி அமைந்த எம்பி3 முறை, குறுந்தகட்டின் எண்களில் பெரும்பகுதியைத் தூக்கி எறிகிறது. 128 கிலோபிட் என்றால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிச்சம். கழித்துப் பார்த்தால் மீதியில் ஒரு தனிக் கச்சேரியே கேட்கும்! ஆனால் உரத்த ஓசைக்கு அருகில் உள்ள மெல்லிய ஓசையைக் காது கேளாது என்னும் மறைப்பு விதியைக் கொண்டு எறிவதால், சற்று உயர்ந்த விகிதங்களில் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரிவதில்லை. அங்கே கருவி பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது, காது கேட்கவில்லை. என் அறையிலோ கருவி ஒன்றும் காட்டவில்லை, காது கேட்டது. ஆகவே 'எவ்வளவு வேறுபாடு' என்னும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. வேறுபாடு சுழி என்னும் ஓர் இடத்தைத் தவிர.

அப்படியானால் முதல் இரவில் நான் பொய் கேட்டேனா? ஒரு டெசிபெல் பாதி விளக்கம். மீதிப் பாதியை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கேட்டல் என்பது காதோடு முடிவதன்று. 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் காட்டிய சோதனையில், 'ப' என்னும் ஒலியைக் கேட்கச் செய்து, 'க' என்று அசையும் உதடுகளைக் காட்டினால், பார்ப்பவர்கள் 'த' போன்றதோர் ஒலியைக் கேட்டார்கள். கண்ணை மூடினால் மீண்டும் 'ப'. கண் பார்த்ததைக் காது கேட்டதோடு சேர்த்துத்தான் மூளை ஒலியைக் கட்டுகிறது. மேலும், ஒலியின் நுட்பமான நினைவு சில நொடிகளே நிற்கும். ஒரே ஆலாபனையை இரண்டாம் முறை கேட்கும்போது கவனம் வேறிடம் செல்கிறது. முதலில் கமகத்தைக் கேட்டவன் அடுத்து விரலின் வழுக்கலைக் கேட்கிறான். இரண்டாவதாக ஒலிப்பது எதுவோ அதற்கு அந்தப் புகழ் போய்ச் சேர்கிறது. அன்று எப்பொழுதும் புதியதைத்தான் இரண்டாவதாகப் போட்டேன். இரண்டாயிரத்து நானூறு ரூபாயும் தன் பங்குக்கு ஏதோ சொல்லியிருக்கும்.

2002-இல் வெளிவந்த ஃபூபார் 2000 என்னும் இலவச மென்பொருளை எழுதியவர், தம்முடையது மற்றவற்றைவிட நன்றாக ஒலிக்காது என்றும், பலர் கேட்பதாகக் கூறும் வேறுபாடுகள் பெரும்பாலும் எண்ணத்தின் விளைவே என்றும் தாமே அறிவித்திருக்கிறார். தம் சரக்கைத் தாமே இப்படிச் சொல்லும் ஒருவரை எங்கள் ஊர்ச் சந்தையில் நான் கண்டதில்லை. மறைத்துக் கேட்கும் சோதனையை அந்த மென்பொருளிலேயே இணைத்தும் செய்யலாம். முன்பே தெரிந்திருந்தால் நண்பனை அடுத்த அறைக்கு அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

ஐப்பசியில் ஊருக்குச் சென்றபோது சித்தப்பாவின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: பட்டை, டொக்கு டொக்கு, குதிரை, சுழி. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, கலவைப் பெட்டியின் ஓரத்தில் இருந்த ஒரு திருகைக் காட்டினார். "இது எதோடயும் சேரலடா. கம்பி அத்துப் போயி எட்டு வருஷம் ஆச்சு. கல்யாண வீட்ல யாராவது வந்து 'பேஸ் பத்தல'ன்னா, அவர் பாக்குற மாதிரி இதத் திருப்புவேன். 'இப்ப எப்டிண்ணே'ன்னு கேப்பேன். 'இப்பத்தான் சரியா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போவாரு. ஒருத்தர்கூட இல்லன்னு சொன்னதில்ல" என்றார். இவ்வளவும் தெரிந்த மனிதர் என் சொல்லை ஏன் நம்பினார் என்று கேட்டேன். "அது கல்யாண வீட்டுக்காரன். நீ காலேஜ் பிள்ளை இல்லையா" என்றார். இந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சூடாகிறது.

மறுநாள் இருவருமாக அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அளந்தோம். வலப்புறத்துப் பெட்டி ஒன்றில் கூம்புத்தாள் கிழிந்து, தாழ்ந்த சுருதிகளில் பத்து டெசிபெல்லுக்கு மேல் குறைந்திருந்தது. மல்டிமீட்டரில் ஒரு டெசிபெல்லைத் தேடி அலைந்த எனக்கு இது மலையாகத் தெரிந்தது. மண்டபத்தில் நாற்காலியை இரண்டு முழம் நகர்த்தினாலே பாஸ் ஏறி இறங்கியது. கூம்பு மாற்ற ஆன செலவு ஆயிரத்துக்கும் குறைவு. சங்கிலி சித்தியின் கழுத்திலேயே இருக்கிறது. உணவுக் கட்டணத்தை அப்பாவிடம் ஒப்புக்கொண்டு, மூன்று முகூர்த்தங்களுக்குச் சித்தப்பாவோடு பெட்டி தூக்கி அடைத்தேன். புதிய மென்பொருளை இன்னும் பயன்படுத்துகிறேன்; பாடல்களை இராக வரிசையில் அடுக்கித் தருவது அதில்தான் எளிதாக இருக்கிறது.

நான் கேட்டிராத வேறுபாட்டை நம் கல்லூரியில் வேறொருவர் கேட்கக்கூடும். இசைப் பயிற்சி உள்ள மாணவ மாணவியர் பலர் இங்கு உள்ளனர். அவர்கள் காது என் காதைவிடக் கூர்மையானது. கம்பியும் மாற்றியும் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வடகோடி மேசையில் அப்படியே இருக்கின்றன. வியாழக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு மேல் வரலாம். பதினாறு முறைக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். உங்கள் பாட்டை நீங்களே கொண்டு வாருங்கள். ஹெட்போனும் உங்களுடையதாகவே இருந்தால் நல்லது.